ஹவா இறங்கிய இடம்

நாகல் நகர், திண்டுக்கல்
14.06.2025

பாண்டியண்ணனுக்கு,

ஏஞ்சலின் எழுதுகிறேன். சூடானில் உங்கள் ஆம்புலன்ஸின் பின்பக்கம் எட்டு மாதம் உட்கார்ந்து வந்த நர்ஸ் ஏஞ்சலின். பெயரைப் பார்த்ததும் கிழித்துவிடாமல் இந்த ஒரு தாளையாவது படியுங்கள்.

போன வாரம் சாணார்பட்டிக்குப் போய் ஜீவிதா மதினியைப் பார்த்தேன். நீங்கள் வீட்டை விட்டுப் போய் ஐந்து மாதம் ஆகிறது, போன் வைத்துக்கொள்வதில்லை, பழனி அடிவாரத்தில் ஒரு லாட்ஜில் துணி துவைக்கிற வேலை பார்க்கிறீர்கள், மாதம் ஒரு தபால் கார்டு வரும் என்றார்கள். அந்தக் கார்டில் இருந்த முகவரிக்குத்தான் இதை அனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அங்கே நாம் வேலை பார்த்த ஆஸ்பத்திரியை நடத்திய நிவாரண அமைப்பு, போர் நடந்த இடத்தில் தொண்டு செய்து திரும்பியவர்களுக்கு வைத்தியமும் மனநல ஆலோசனையும் கொடுக்க ஒரு திட்டம் ஆரம்பித்திருக்கிறது. பட்டாளத்துக்காரர்களுக்கு அவர்களுக்கென்று ஆஸ்பத்திரி இருக்கிறது. சீருடை இல்லாமல், யாரும் உத்தரவு போடாமல், தானாகப் போய் நின்ற நம்மைப் போன்றவர்களுக்கு இதுவரை எதுவும் கிடையாது. திண்டுக்கல்லில் ஷாஹினா டாக்டர் சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரத்தை நமக்கென்றே ஒதுக்கியிருக்கிறார். ஜெனரேட்டர் பார்த்துக்கொண்ட ராமர் வேடசந்தூரிலிருந்து வருகிறார். நானும் போகிறேன். இந்தப் பக்கத்து ஆட்களைத் தேடிச் சேர்க்கிற பொறுப்பும் என்னிடம்தான் இருக்கிறது.

பட்டியலில் உங்கள் பெயர் இல்லை. கேட்டதற்கு, 2023 அக்டோபர் சம்பவத்தின் விசாரணை முடியவில்லை, அதனால் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்றார்கள். நீங்கள் ஒரு முறை நேரில் வந்து உங்கள் தரப்பை எழுதிக் கொடுத்தால் சேர்த்துவிடுவார்கள். வாருங்கள் அண்ணே. பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம்.

இதை எழுதி முடிப்பதற்குள் நான்கு தடவை எழுந்து போய் வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டேன். பட்டப்பகல். உங்களுக்கும் இப்படி ஏதாவது இருக்கும் என்று தெரியும்.

ஏஞ்சலின்


பழனி அடிவாரம்
21.06.2025

ஏஞ்சலின் சிஸ்டருக்கு,

கடுதாசி கிடைச்சது. கிழிக்கல.

எங்க வீட்டுக்கு இனிமே போகாதீங்க. ஜீவிதா விடிய எந்திரிச்சுப் பூப் பறிச்சு, பிள்ளையப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, அவளாத்தான் எல்லாத்தையும் பாக்குறா. அவ தலையில இன்னொரு பாரத்த வைக்காதீங்க.

நான் நல்லாத்தான் இருக்கேன். இங்க மொட்டை போட்டு சந்தனம் தடவுன தலையோட வந்து படுக்குறாங்க. தலகாணி உறை பூரா மஞ்சளாயிரும். மிஷின்ல போட்டாப் போகாது, கையாலதான் கசக்கணும். கசக்கி, அலசி, மொட்டமாடியில காயப் போடுவேன். யாரும் எங்கூடப் பேச வேண்டியதில்ல. வேலை முடிஞ்சா கிரிவலப் பாதையில நடக்குறேன். ஒரு சுத்துப் போதலைன்னா மூணு சுத்து. உட்கார்ந்தா காலு தானா ஆடுது, நடந்தா ஆடல. இதுக்கு டாக்டர் எதுக்கு.

போன் வேணாம்னு விட்டது நான்தான். அங்க அந்த ஆம்புலன்ஸ் போன் அடிச்சாலே எங்கயோ யாரோ கிழிஞ்சு கிடக்காங்கன்னு அர்த்தம். ஊருக்கு வந்தப்புறமும் பூ யாவாரி ஜீவிதாவக் கூப்பிட்டா நான் வண்டிச் சாவியத் தேடுவேன். எங்கிட்ட வண்டியே கிடையாது.

அப்புறம், என் தரப்பைக் கேட்டிருக்கீங்க. நம்ம ஊர் திரும்ப துறைமுகத்துல காத்துக் கிடந்தப்பவே ராமர் உங்க ரிப்போர்ட்டை எனக்குப் படிச்சுச் சொல்லிட்டாப்ல. இங்கிலீஷ்ல எழுதியிருந்தீங்க. "நிறுத்தச் சொல்லியும் டிரைவர் நிறுத்தல." அம்புட்டுத்தான் இருந்துச்சு என்னையப் பத்தி. அதுக்கு மேல எனக்கு ஏது தரப்பு.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. நான் பிஸ்கட் கம்பெனிக்கு வண்டி ஓட்டப் போனவன். சண்டை வந்ததும் கப்பலுக்குப் போற பஸ்ஸுக்கு வரிசையில நின்னேன். "அண்ணே, உங்களுக்கு ஆம்புலன்ஸ் ஓட்ட வருமா, இருந்த டிரைவர் ஓடிப்போயிட்டாரு"ன்னு கேட்டு என்னை அந்த வரிசையில இருந்து கூட்டிட்டுப் போனது நீங்க.

பாண்டியராஜ்


நாகல் நகர்
28.06.2025

பாண்டியண்ணனுக்கு,

போக வேண்டாம் என்று நீங்கள் எழுதியது கைக்கு வருவதற்கு முந்தின நாளே மறுபடியும் உங்கள் வீட்டுக்குப் போய்விட்டேன். கீர்த்தனாவின் கையைப் பார்க்கத்தான் போனேன்.

நடந்ததை மதினி சொன்னார்கள். ஜனவரியில் நீங்கள் அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு நத்தம் ரோட்டோரம் வரும்போது லாரி டயர் வெடித்திருக்கிறது. அந்த நொடியே அவளைப் பள்ளத்தில் தள்ளி, மேலே கவிழ்ந்து படுத்துக்கொண்டீர்கள். ஆட்கள் வந்து இழுத்தும் எழுந்திருக்கவில்லை. அவளுக்கு முழங்கை முறிந்துவிட்டது. மாவுக்கட்டுப் போட்ட மூன்றாம் நாள் நீங்கள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள்.

கட்டுப் பிரித்து வெகு நாளாகிறது. நான் கையை மடக்கி நீட்டிப் பார்த்தேன். முழுசாக நீட்ட வரவில்லை, கொஞ்சம் வளைவு நிற்கிறது. தினமும் பயிற்சி செய்தால் சரியாகிவிடும், சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கிளம்பும்போது அவளே சொன்னாள். "பரவால்ல அத்தே, இது எழுதுற கை இல்ல. அப்பாகிட்ட அதச் சொல்லிருங்க." சொல்லிவிட்டேன்.

நான் சுகமாக இருந்துகொண்டு உங்களைக் கூப்பிடுவதாக நினைக்காதீர்கள். அவசர சிகிச்சைப் பிரிவு வேலையை விட்டுவிட்டேன். இப்போது ஒரு சின்ன கிளினிக்கில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிறேன். ஆட்டோவில் பின்சீட்டில் உட்கார முடிவதில்லை. முன்னால் டிரைவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போகிறேன், பார்க்கிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். மாதா கோயிலில் பூசை நடுவில் மணி அடித்தால் எழுந்து வெளியே வந்துவிடுகிறேன். அப்பா ஒன்றும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதுதான் அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

சனிக்கிழமை டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தால் ராமரைப் பற்றிப் பேசுகிறேன், உங்களைப் பற்றிப் பேசுகிறேன். போன வாரம் ஷாஹினா டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "மத்தவங்களைப் பத்தி நிறையச் சொல்லிட்டீங்க. நீங்க எப்ப வருவீங்க?" என்று கேட்டார்.

ரிப்போர்ட்டைப் பற்றி என்ன சொல்ல. சம்பவம் நடந்த மறுநாள் இரண்டு மணி நேரத்தில் எழுதி அனுப்பச் சொன்னார்கள். என்ன எழுதினேன் என்றே எனக்குச் சரியாக நினைவில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு வைத்தியத்தை வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

ஏஞ்சலின்


பழனி அடிவாரம்
08.07.2025

சிஸ்டருக்கு,

ஒரு வாரமா இதை எழுதுறதும் மடிச்சு வைக்கிறதுமா இருக்கேன். உங்களுக்கு நினைவில்லைங்கிறீங்க. எனக்கு நினைவிருக்கு. அப்படியே எழுதுறேன்.

அக்டோபர் மாசம், வியாழக்கிழமை, காலையில பதினோரு மணி. மார்க்கெட் பக்கம் குண்டு விழுந்து அஞ்சு பேரை ஏத்திக்கிட்டு வாரோம். முன்னாடி நான் மட்டும். பின்னாடி நீங்களும் ஹவாவும். ஹவாவுக்கு இருபத்தோரு வயசுதான். அந்த ஊர்ப் பிள்ளை, காலேஜை மூடுனதும் நம்மகூட வேலைக்கு வந்துச்சு. என்னைய "அம்மு பாண்டி"ன்னு கூப்பிடும், அவங்க பாஷையில சித்தப்பான்னு அர்த்தம். எங்க ஊர்ல அது பொம்பளப் பிள்ளைங்களக் கொஞ்சுற பேருன்னு நான் சொன்னதுல இருந்து வேணும்னே சத்தமாக் கூப்பிடும்.

பூட்டிக் கிடந்த ரொட்டிக் கடைச் செவுத்துல சாஞ்சு ஒரு அம்மா உட்கார்ந்திருந்துச்சு. கால் பூரா ரத்தம். ஹவாதான் பார்த்து நிறுத்தச் சொல்லுச்சு. நிறுத்துனேன். பின்கதவத் தொறந்து இறங்கி ஓடுச்சு. அந்தம்மாவத் தனியாத் தூக்க முடியல, இழுத்துக்கிட்டு இருந்துச்சு. அப்பத்தான் சுட ஆரம்பிச்சாங்க. எந்தப் பக்கமிருந்துன்னு தெரியல. என் தலைக்கு மேல தகரத்துல ஓட்டை விழுந்துச்சு.

"சிஸ்டர், ஹவா?"ன்னு கேட்டேன்.

"வண்டிய எடுங்க"ன்னு குரல் வந்துச்சு.

நான் திரும்பவும் கேட்டேன். ஹவா இன்னும் ஏறலையேன்னு. "எடுங்கண்ணே, எடுங்க"ன்னு மறுபடியும் அதே குரல். எடுத்துட்டேன்.

வண்டியில இருந்த அஞ்சு பேரும் பிழைச்சுட்டாங்க. மறுநாள் சேதி வந்துச்சு, ஹவா செத்துப்போச்சு, அந்தத் தெருக்காரங்க விழுந்த இடத்துலயே புதைச்சுட்டாங்கன்னு. அதுக்கப்புறம் நாம இருந்த வரைக்கும் அந்தத் தெருப்பக்கம் யாரும் போக முடியல.

ராமர் ரிப்போர்ட்டைப் படிச்சுச் சொன்னப்ப எனக்குக் கோவம் வரல சிஸ்டர். பயம்தான் வந்துச்சு. நிறுத்தச் சொன்னாங்களாம், அப்ப எனக்குக் கேட்டது என்ன? நீங்க படிச்சவங்க, பொய் எழுத மாட்டீங்க. அப்ப என் காதுதான் பொய். நிறுத்துன்னு சொன்னது எடுன்னு கேட்டிருக்கு. அன்னையில இருந்து எதையும் நம்ப முடியல. நத்தம் ரோட்டுல அம்புட்டுப் பேரும் "ஒண்ணுமில்லப்பா, டயருதான்"னு சொன்னாங்க. எனக்கு வேற கேட்டுச்சு. பிள்ளை என் கீழ கிடந்து கத்துனது கூடக் கேக்கல. இப்படிப்பட்ட காதை வச்சுக்கிட்டு எப்படி அந்த வீட்டுல இருக்குறது. அதான் வந்துட்டேன்.

எனக்குத் திட்டம் கிட்டம் ஒண்ணும் வேணாம். ஒண்ணே ஒண்ணைச் சொல்லுங்க. அன்னைக்கு எனக்குக் கேட்டது சரியா, தப்பா?

பாண்டியராஜ்


நாகல் நகர்
09.08.2025

பாண்டியண்ணனுக்கு,

ஒரு மாதமாகப் பதில் போடாததற்கு வேலை, காய்ச்சல் என்று எதையும் சொல்லப்போவதில்லை. எழுதப் பயந்தேன்.

உங்களுக்குக் கேட்டது சரி. "வண்டிய எடுங்க" என்று சொன்னது நான். இரண்டாவது தடவை கத்தியதும் நான்தான். நிறுத்துங்கள் என்று ஒரு தடவைகூட நான் சொல்லவில்லை. உங்கள் காதில் எந்தக் குறையும் இல்லை.

நினைவில்லை என்று போன கடிதத்தில் எழுதினேனே, அதுவும் பொய். எல்லாம் நினைவிருக்கிறது. என் இரண்டு கையும் ஒருவர் தொடையில் ரத்தத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. கையை எடுத்தால் அவர் போய்விடுவார். அதைக் காரணமாகச் சொல்லலாம். ஐந்து உயிருக்காக என்றும் சொல்லலாம். ஆனால் அந்த நேரத்தில் நான் அப்படி எதையும் யோசிக்கவில்லை. எனக்கு உயிர்ப் பயம். அங்கிருந்து போய்விட வேண்டும், அவ்வளவுதான் இருந்தது.

மறுநாள் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தபோது ஹவாவின் அண்ணன் இத்ரீஸ் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைச் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு அந்த வரியை எழுதினேன். உங்களுக்கு இங்கிலீஷ் படிக்க வராது என்று எனக்குத் தெரியும். அது தெரிந்துதான் எழுதினேன். இதைவிடக் கேவலமாக நான் வாழ்க்கையில் எதையும் செய்ததில்லை.

இதை முதலில் ஷாஹினா டாக்டரிடம் சொன்னேன். நான் பேசி முடிக்கிற வரைக்கும் இருந்துவிட்டு, "இது யாருக்கெல்லாம் தெரியணும்னு நினைக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டார். மூன்று பேர் என்றேன். அமைப்புக்கு எழுதி ரிப்போர்ட்டைத் திருத்தச் சொல்லிவிட்டேன். இத்ரீஸுக்கு, எனக்குத் தெரிந்த அரபியில், குரல் பதிவு செய்து அனுப்பிவிட்டேன். உங்களுக்கு எழுதத்தான் இத்தனை நாள் ஆகிவிட்டது.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அதற்கு நீங்கள் ஏதாவது சொல்லியாக வேண்டும். அந்தக் கட்டாயம் உங்களுக்கு வேண்டாம்.

ஏஞ்சலின்


பழனி அடிவாரம்
18.08.2025

சிஸ்டருக்கு,

உங்க கடுதாசிய மொட்டமாடியில துணிக்கு நடுவுல நின்னு படிச்சேன். முதல்ல நிம்மதியா இருந்துச்சு. என் காது நல்ல காதுதான். அந்த நிம்மதி ஒரு அரைமணி நேரம் இருந்திருக்கும். அப்புறம் வந்துச்சு கோவம். துவைக்கிற கல்லுல அடிச்ச அடியில நாலு உறை கிழிஞ்சுபோச்சு. மேனேஜர் வந்து நின்னு பார்த்துட்டு, நாலையும் கணக்குல எழுதிட்டுப் போயிட்டாரு.

ரெண்டு வருசம் சிஸ்டர். படிக்க வராதுன்னு தெரிஞ்சே எழுதியிருக்கீங்க. என் பிள்ளை கையி, என் வீடு.

நேர்ல கேக்கணும்னு சனிக்கிழமை திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறுனேன். டாக்டரம்மா கிளினிக்குக்கு எதிர்த்தாப்புல டீக்கடையில நின்னேன். என்னென்ன கேக்கணும்னு பஸ்லயே எல்லாத்தையும் மனசுல சேர்த்து வச்சிருந்தேன். நீங்க வெளிய வந்தீங்க. ரொம்ப மெலிஞ்சு போயிருக்கீங்க. ஆட்டோக்காரரு பின்னாடி உட்காரச் சொன்னாரு, நீங்க தலையை ஆட்டிட்டு முன்னாடி போய் ஒடுங்கி உட்கார்ந்தீங்க. அதப் பார்த்தப்புறம் கூப்பிட வாய் வரல. திரும்பப் பழனி பஸ்ல ஏறிட்டேன்.

ஒட்டன்சத்திரம் தாண்டுறப்ப எனக்கே ஒண்ணு உறைச்சுச்சு. உங்ககிட்ட உண்மையக் கேட்ட நானே முழுசாச் சொல்லல.

நீங்க எடுங்கன்னு சொன்னீங்க, நான் எடுத்தேன். எடுத்தப்புறம் சைடு கண்ணாடியப் பார்த்தேன். ஹவா வண்டிக்குப் பின்னாடி ஓடி வந்துச்சு. அந்தம்மாவ விட்டுட்டு, ஒரு கையத் தூக்கி ஆட்டிக்கிட்டே ஓடி வந்துச்சு. நான் பார்த்தேன். பிரேக் மேல கால் இருந்துச்சு. மிதிக்கல. நீங்க குனிஞ்சு இருந்தீங்க, கதவும் அடிச்சுச் சாத்திருச்சு, உங்களுக்கு அது தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல.

நீங்க சொல்லித்தான் போனேன்னு இருந்தா எனக்குக் கொஞ்சம் லேசா இருக்கும். அதுக்குத்தான் சரியா தப்பான்னு உங்களை அப்படிப் போட்டுக் கேட்டிருக்கேன்னு இப்பத் தெரியுது. கண்ணாடி விசயம் ஜீவிதாவுக்கே தெரியாது. ராமருக்கும் தெரியாது. இப்ப உங்களுக்குத் தெரியும்.

அதுக்காக உங்க மேல கோவம் போயிருச்சுன்னு அர்த்தமில்ல.

பாண்டியராஜ்


நாகல் நகர்
29.08.2025

பாண்டியண்ணனுக்கு,

கண்ணாடியில் நீங்கள் பார்த்ததைப் பற்றி எதையும் சொல்ல எனக்குத் தகுதியில்லை. கடிதம் வந்ததிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன், அது மட்டும் சொல்கிறேன்.

அமைப்பிலிருந்து பதில் வந்தது. ஆட்களைச் சேர்க்கிற பொறுப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். அது சரிதான். எனக்கான ஆலோசனை மட்டும் தொடரும். உங்கள் மேல் இருந்த விசாரணையை முடித்துவிட்டார்கள். பட்டியலில் உங்கள் பெயர் வந்துவிட்டது.

இதை எழுதுவதற்குக் காரணம் வேறு. இத்ரீஸ் பேசினார். நான் செய்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, திட்டவும் இல்லை. அவர் கேட்டது வேறு விஷயம். அந்தப் பக்கம் சண்டை ஓய்ந்து ஜனங்கள் வீடு திரும்புகிறார்கள். சண்டைக் காலத்தில் தெருவோரம் புதைத்தவர்களை எடுத்து மயானத்துக்குக் கொண்டுபோகிறார்கள். ஹவா எங்கே இருக்கிறாள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அன்று புதைத்த ஆட்கள் எங்கெங்கோ சிதறிப் போய்விட்டார்கள். நான் ரிப்போர்ட்டில் "மார்க்கெட் அருகே" என்று மட்டும்தான் எழுதியிருந்தேன். அதை நம்பி மூன்று தெருக்களில் தேடியிருக்கிறார்கள். ரொட்டிக் கடை என்று நீங்கள் எழுதியதைச் சொன்னேன். ரொட்டிக் கடைகள் எல்லாம் இடிந்து கிடக்கின்றனவாம், எது எந்தக் கடை என்று அடையாளம் இல்லை. அவர்கள் அம்மா தினமும் கேட்கிறார்களாம்.

பின்பக்கம் குனிந்து உட்கார்ந்திருந்த எனக்குத் தெரு தெரியாது. தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் அண்ணே. படமாகப் போட்டுத் தர முடியுமா?

தனியாக உட்கார்ந்து போட வேண்டாம் என்கிறார் ஷாஹினா டாக்டர். செப்டம்பர் ஆறாம் தேதி சனிக்கிழமை காலை பத்து மணியை உங்களுக்கு மட்டும் வைத்திருக்கிறார். பாதியில் நிறுத்த வேண்டுமென்றாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்லச் சொன்னார். அன்று நான் அந்தப் பக்கம் வரமாட்டேன்.

ஏஞ்சலின்


சாணார்பட்டி
10.09.2025

ஏஞ்சலின் சிஸ்டருக்கு,

இதோட பெரிய தாளு ஒண்ணு மடிச்சு வச்சிருக்கேன். அதுதான் படம். அதப் போட்டோ எடுத்து இத்ரீஸுக்கு அனுப்பிருங்க. அனுப்புறதுக்கு முன்னாடி நான் எழுதுறதப் படிங்க.

சனிக்கிழமை சொன்ன நேரத்துக்கு வந்துட்டேன். முதல் அரைமணி நேரம் நான் உட்காரவே இல்ல, ரூமுக்குள்ளயே அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தேன். டாக்டரம்மா உட்காரச் சொல்லல. அவங்க பாட்டுக்கு மேசையில தாளை விரிச்சு, நாலு மூலையிலயும் புத்தகத்த வச்சு, பென்சிலை நடுவுல வச்சாங்க. அப்புறம், "ஆஸ்பத்திரி எங்க இருந்துச்சு?"ன்னு கேட்டாங்க. நின்னுக்கிட்டே ஒரு கட்டம் போட்டேன். வாசல் எந்தப் பக்கம்னு கேட்டாங்க. போட்டேன். ஒரு தெருவைப் போட்டா அடுத்த தெரு தானா வந்துச்சு. கையி வண்டி ஓட்டுற மாதிரியே போச்சு சிஸ்டர். எங்க பள்ளம், எங்க செக்போஸ்ட்டு, எந்தச் சந்துல திரும்புனா பெட்ரோல் பங்கு, ஒண்ணும் மறக்கல.

நாலாவது திருப்பத்துல கையி நின்னுருச்சு. வேர்த்துக் கொட்டுது, மூச்சு முட்டுது. பென்சிலைக் கீழ போட்டுட்டேன். இப்ப எந்த ஊர்ல நிக்கிறீங்கன்னு டாக்டரம்மா கேட்டாங்க. திண்டுக்கல்லுன்னேன். சன்னல்ல என்ன தெரியுதுன்னாங்க. கொய்யாப்பழத் தள்ளுவண்டி, ஒரு அம்மா பேரம் பேசுது, ஸ்கூட்டர்ல ரெண்டு பேரு. அப்படியே ஒண்ணொண்ணாச் சொல்லச் சொன்னாங்க. சொல்லச் சொல்ல மூச்சு இறங்குச்சு. மிச்சத்த அடுத்த வாரம் பார்க்கலாமான்னு கேட்டாங்க. வேணாம், இன்னைக்கே முடிச்சுர்றேன்னு பென்சிலை எடுத்தேன்.

ரொட்டிக் கடைக்கு எதிர்த்த வரிசையில ஒரு வேப்பமரம் உண்டு. நம்ம ஊர் வேம்புதான். அது பட்டுப்போயிருந்தாலும் தூரு இருக்கும். மரத்துல இருந்து கிழக்கால பார்த்தா ஸ்கூல் காம்பவுண்டு மூலை. அது ரெண்டையும் வச்சுக்கிட்டா கடை எது, தெரு எதுன்னு பிடிச்சிரலாம்.

தாள்ல ரெண்டு புள்ளி வச்சிருக்கேன். முதல் புள்ளி ஹவா இறங்குன இடம். ரெண்டாவது புள்ளி, கண்ணாடியில கடைசியாத் தெரிஞ்ச இடம். ரெண்டுக்கும் நடுவுல அறுபது அடி இருக்கும். கடைவாசலைத் தோண்டுனா கிடைக்காது. அந்த ரெண்டாவது புள்ளிக்கிட்டத்தான் தேடணும். அது எப்படித் தெரியும்னு இத்ரீஸ் கேப்பாரு. டிரைவர் கண்ணாடியில பார்த்தான், பார்த்தும் நிறுத்தலன்னு சொல்லிருங்க. மறைச்சுச் சொல்லாதீங்க. மறைச்சா அவங்க தப்பான இடத்துலதான் தேடிக்கிட்டு இருப்பாங்க.

முடிச்சு வெளிய வந்தப்ப மணி ஒண்ணு. பழனி பஸ்ஸுக்குத்தான் போனேன். பஸ்ஸு புறப்பட நேரம் இருந்துச்சு, உட்கார முடியாம இறங்கி நடந்தேன். எங்க ஊர் வழியாப் போற நத்தம் பஸ்ஸு நின்னுச்சு, ஏறிட்டேன். வந்து நாலு நாளாச்சு. லாட்ஜுக்குச் சொல்லி அனுப்பிட்டேன். ஜீவிதாகிட்டக் கண்ணாடி விசயத்த நானே சொன்னேன். கேட்டுட்டு அவ எந்திரிச்சுத் தோட்டத்துக்குப் போயிட்டா. சாயங்காலம் வந்து சோறு போட்டா. இன்னும் எங்கிட்டச் சரியாப் பேசல. பிள்ளை கையை நீட்டி மடக்குறதுக்கு நான் எண்ணிக்கிட்டு உட்கார்றேன். அவ்வளவு நேரம் உட்கார முடியுது.

உங்களை மன்னிச்சுட்டேன்னு எழுத வரல. இப்போதைக்கு எழுத மாட்டேன். சனிக்கிழமை சனிக்கிழமை வாரேன்னு டாக்டரம்மாகிட்டச் சொல்லியிருக்கேன். நீங்க வராம இருக்க வேண்டியதில்ல.

பாண்டியராஜ்


நாகல் நகர்
12.10.2025

பாண்டியண்ணனுக்கு,

நேற்று டாக்டர் அறையில் பார்த்தபோதே சொல்லியிருப்பேன். இத்ரீஸின் சேதி நான் வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது. அடுத்த சனிக்கிழமை வரை காத்திருக்க முடியாமல் உடனே எழுதுகிறேன்.

ஹவா கிடைத்துவிட்டாள். வேப்பமரம் நிற்கிறதாம், பாதி கருகி, பாதி தளிர்விட்டு. நீங்கள் வைத்த இரண்டாவது புள்ளியிலிருந்து பத்தடி தள்ளி, வண்டி போன திசையிலேயே இருந்திருக்கிறாள். மேலே செங்கல் அடுக்கி வைத்திருந்தார்கள். அமைப்பின் நீலச் சட்டை மக்கவில்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அவர்கள் அப்பாவின் பக்கத்தில் அடக்கம் செய்துவிட்டார்கள்.

நீங்கள் சொல்லச் சொன்னதை அப்போதே சொல்லியிருந்தேன், ஒன்றையும் மறைக்கவில்லை. ஒரு மாதமாக இத்ரீஸ் அதைப் பற்றிப் பேசவே இல்லை. நேற்றுத்தான் கேட்டார். கண்ணாடியில் பார்த்தபோது அவள் எப்படி இருந்தாள், ஏற்கெனவே காயம் பட்டிருந்ததா, வலியில் இருந்தாளா, அம்மாவுக்குத் தெரிய வேண்டும் என்றார். எனக்குத் தெரியாது, டிரைவரைக் கேட்கிறேன் என்றேன். டிரைவரே சொல்வாரா என்று கேட்டார். அம்மாவும் கூட இருப்பார்களாம்.

முடியாதென்றால் முடியாது என்றே சொல்லிவிடுகிறேன். யாரும் உங்களை வற்புறுத்தவில்லை.

ஏஞ்சலின்


சாணார்பட்டி
16.10.2025

சிஸ்டருக்கு,

சனிக்கிழமை டாக்டரம்மா ரூம்ல இருந்தே பேசுறேன்னு சொல்லுங்க. நான் தமிழ்ல சொல்றேன், நீங்க பக்கத்துல இருந்து அவங்க பாஷையில சொல்லுங்க. நான் சொல்றத அப்படியே சொல்லணும், கூட்டவும் வேணாம் குறைக்கவும் வேணாம்.

காயம் ஒண்ணும் இல்ல. நல்லா ஓடி வந்துச்சு. நல்ல வேகம். இன்னும் செத்த நேரம் நான் மெதுவாப் போயிருந்தா ஏறியிருக்கும். அதையும் அவங்க அம்மாகிட்ட நான்தான் சொல்லணும்.

பாண்டியராஜ்